மொக்கு எண்டு சொல்லாதேங்கோ
(எமது சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

எங்கடை வீடுகளிலை பிள்ளை வாசிக்கத் தடுமாறினால் உடனே 'மொக்கு' எண்டு தீர்ப்பு. என்ரை மூத்தவனுக்கும் நான் அப்பிடித்தான் சொன்னனான்.

1941இல் பிறந்த அமெரிக்கர் டேவிட் பொய்ஸ் மூன்றாம் வகுப்பு மட்டும் வாசிக்கத் தெரியாதவர். டிஸ்லெக்சியா. அது எழுத்துப் பிடிபடாத சிக்கல், அறிவுக் குறைவல்ல. அவர்தான் பிற்காலத்தில் பெரிய கொம்பனி வழக்குகளுக்குப் பேர்போன சட்டத்தரணி. ஐ.பி.எம். மீது அரசு 1969இல் தொடுத்த ஏகபோக வழக்கில் கொம்பனி பக்கம் நின்றார். 1982இல் அரசே வழக்கைக் கைவிட்டது. 1998இல் அரசின் பக்கம் நின்று மைக்ரோசொவ்ற் அதிபர் பில் கேற்ஸை நாட்கணக்காகக் கேள்வி கேட்டார். கேற்ஸ் 'ஞாபகமில்லை' என்று மழுப்ப, அவருடைய மின்னஞ்சல்களையே எடுத்து முன்னால் வைத்தார். வாசிப்பு மெதுவென்றபடியால் விசயங்களை மனதிலே பதித்துவைக்கச் சிறுவயதிலேயே பழகினவர். நீதிமன்றத்தில் அதுதான் கைகொடுத்தது.

எல்லாத்திலும் அவரைப் பாக்கச் சொல்லேல்லை. ஹார்வி வைன்ஸ்ரீனுக்காக வேலை செய்ததுக்கு 2017இல் நல்லாய்த் திட்டு வாங்கினவர்.

பிள்ளை தடுமாறினால் பள்ளிக்கூடத்திலை டிஸ்லெக்சியா சோதிக்கச் சொல்லிக் கேளுங்கோ. நான் கேக்க இரண்டு வருசம் பிந்திப் போச்சு.