ரயரின் மெருகும் ஆயுளும்

மோட்டார் வாகனத்தைக் கழுவித் துடைத்தபின், ரயர்களுக்கும் மெருகெண்ணெய் பூசி அழகு பார்க்கும் வழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. பூசிய ரயர் பளபளக்கும். வாகனமே புதிதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பளபளப்பினால் இறப்பரின் ஆயுள் நீளுகின்றதா என்பது வேறு கேள்வி.

இறப்பருக்குப் பகை வெயில் என்றே பலரும் எண்ணுவர். வெயிலுக்கும் பங்குண்டு, எனினும் ரயருக்குக் கருநிறம் தரும் காபன் தூள் புறஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. காற்றிலே சிறிதளவு கலந்திருக்கும் ஓசோன் வாயுவே வெடிப்புகளுக்கு முக்கிய காரணம். 1876ஆம் ஆண்டு ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த கன்றுகளோடு இலங்கையில் வேரூன்றிய இயற்கை இறப்பரும் இதற்கு விலக்கன்று. அதன் மூலக்கூறுகளிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் அறுக்க, இழுபட்டிருக்கும் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன.

இதற்கு மாற்றுமருந்து தொழிற்சாலையிலேயே இறப்பரோடு சேர்க்கப்படுகிறது. ஒன்று மெழுகு, மற்றது, ஓசோனைத் தானே ஏற்று அழியும் இரசாயனப் பொருள். இவை உள்ளிருந்து மெல்லக் கசிந்து மேலே படலமாகப் படிகின்றன. ரயர் ஓடி வளைந்து நிமிர்வது இக்கசிவுக்குத் துணை செய்கிறது. மாதக்கணக்கில் கொட்டகையிலே நிற்கும் வாகனத்தின் ரயர் வெடிப்பதற்கு இது ஒரு காரணம். பக்கச்சுவரில் சிலவேளை படரும் கபில நிறமும் இக்காப்புப் பொருளின் விளைவே. அழுக்கென்று எண்ணி அதைக் கடுமையாக உரஞ்சுவோர் ரயரின் கவசத்தையல்லவா களைகின்றனர்!

கடைகளில் விற்கப்படும் மெருகெண்ணெய்களுள் பால்போல் வெளுத்தவை பெரும்பாலும் நீரிலே சிலிக்கோன் எண்ணெயைக் கலந்தவை; இவற்றால் பெருந்தீங்கில்லை. பெற்றோலியக் கரைப்பானிற் செய்தவை மெழுகுப் படலத்தைக் கரைத்துவிடக்கூடும். செலவைச் சுருக்கவென்று டீசல் பூசுவது அதனினும் கேடு. இறப்பர் அதனை உறிஞ்சி ஊதி, உறுதி குன்றும்.

பூசுவதாயின் ரயரைச் சவர்க்கார நீரிற் கழுவி உலரவிட்டு, துணியில் நனைத்து, பக்கச்சுவரில் மட்டும் மெல்லியதாகத் தடவி, மிகுதியைத் துடைத்தெடுத்தல் வேண்டும். நிலத்தில் பதியும் பகுதியிலோ பிறேக் தட்டிலோ ஒரு துளியும் படலாகாது. மோட்டார் சைக்கிள் திரும்பும்போது ரயரின் ஓரமும் வீதியைத் தொடுவதால், அதற்கு இதைப் பூசவே கூடாது.

வாகனத்தின் உட்புறத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும். சுக்கான் வளையத்திலும் மிதிகளிலும் பூசினால் கையும் காலும் வழுக்கும். டாஷ்போர்டில் பளபளப்பு மிகுந்தால் அதன் நிழல் முன்கண்ணாடியில் விழுந்து பாதையை மறைக்கும். வெப்பத்தினால் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகிப் போன மென்மையூட்டியை எந்த எண்ணெயும் மீட்டுத் தராது. மரநிழலில் நிறுத்துவதே மலிவான வைத்தியம்.

பழைய வாகனம் வாங்குவோர் மெருகிட்ட ரயரைத் துடைத்துப் பார்த்தல் நன்று. மயிரிழை வெடிப்புகள் அதனடியில் மறைந்திருக்கலாம். பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றிருந்தால், அந்த ரயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.