முகப்பு மாறலாம், நடைபாதை மாறக்கூடாது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஓர் இணையத்தளம் கண்ணைக் கவர வேண்டுமா, எளிதாகப் பயன்பட வேண்டுமா என்ற கேள்வி இங்கே முன்வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பது என் கருத்து. எதில் புதுமை செய்யலாம், எதில் செய்யக்கூடாது என்று பிரித்தறிந்தால் போதும்.

இதற்கான பாடம் நம் சிராங்கூன் சாலையிலேயே இருக்கிறது. அங்குள்ள பழைய கடைவீடுகளைப் பாருங்கள். ஒன்றுக்கு மஞ்சள் நிறம், அடுத்ததற்குப் பச்சை. சன்னலும் தூணும் பூவேலைப்பாடும் வெவ்வேறு. ஆனால் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை மட்டும் பொதுவானது. 1822ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்தை வகுத்தபோது, வீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். அதனால் மழையோ வெயிலோ, புதிதாக வருபவர்கூட வழி கேட்காமல் கடை கடையாக நடந்து செல்ல முடிகிறது. முகப்பு கடைக்காரருக்குச் சொந்தம். நடைபாதை எல்லாருக்கும் பொது.

இணையத்தளத்திலும் அப்படித்தான். மேலே உள்ள பெயர்ச் சின்னத்தைத் தட்டினால் முதல் பக்கம் வரும். பூதக்கண்ணாடிப் படம் தேடலைக் குறிக்கும். தள்ளுவண்டிப் படம் நாம் தேர்ந்தெடுத்த பொருள்களைக் காட்டும். இவையே இணையத்தின் ஐந்தடி நடைபாதை. இணையப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே இதை விளக்கினார். மக்கள் உங்கள் தளத்தைவிட மற்றத் தளங்களில்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள். ஆகவே அங்கே பழகிய முறையையே உங்களிடமும் எதிர்பார்ப்பார்கள் என்பது அவர் வாதம்.

நடைபாதையை மறந்துவிட்டு முகப்பை மட்டும் அலங்கரித்தால் என்னவாகும்? லண்டனில் இயங்கிய ‘பூ டாட் காம்’ என்ற ஆடை விற்பனைத் தளம் 1999 நவம்பரில் தொடங்கியது. ஆடையைச் சுழற்றிப் பார்க்கலாம், பெரிதாக்கிப் பார்க்கலாம். ‘மிஸ் பூ’ என்ற கணினிப் பெண் ஆலோசனையும் சொல்வாள். பார்க்கப் பிரமாதம்! ஆனால் அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்தது தொலைபேசிக் கம்பிவழி வந்த மெதுவான இணைப்பு. பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். சுமார் 135 மில்லியன் அமெரிக்க டாலரைச் செலவழித்த அந்நிறுவனம் 2000 மே மாதத்தில் மூடப்பட்டது. அளவுக்கு மீறிய செலவு ஒரு காரணம் என்றால், வாங்க வந்தவரை வாசலிலேயே காக்க வைத்தது இன்னொரு காரணம்.

அப்படியானால் எல்லாத் தளங்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்க வேண்டுமா? இல்லை. கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே 2003இல் ‘சிஎஸ்எஸ் ஸென் கார்டன்’ என்ற தளத்தைத் தொடங்கினார். வாசகமும் அதன் கட்டமைப்பும் எல்லாருக்கும் ஒன்றுதான். நிறம், எழுத்துரு, படம், இடவமைப்பு ஆகியவற்றை மட்டும் வடிவமைப்பாளர்கள் மாற்றலாம். இருநூறுக்கும் அதிகமான வடிவங்கள் வந்தன. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

ஒரு பூக்கடையை எடுத்துக்கொள்வோம். அதன் தளத்துக்கு எங்கிருந்தோ வாங்கிய ரோஜாப் படம் எதற்கு? கடையில் தொடுத்த மல்லிகைச் சரத்தையே படமெடுத்துப் போட்டால், அந்த முகம் வேறு எந்தத் தளத்துக்கும் வராது. ஆனால் ‘விலை’, ‘முகவரி’, ‘வாங்குக’ ஆகிய சொற்கள் அப்படியே இருக்கட்டும். ‘வாங்குக’ என்பதற்குப் பதிலாக ‘மணம் பரவட்டும்’ என்று பொத்தானில் எழுதினால் கவிதை நன்றாக இருக்கும், பூ விற்காது.

தமிழ்த் தளங்களுக்கு இன்னும் சில பொறுப்புகள் உண்டு. ஆங்கிலத்தில் ‘புக்’ என்று சுருக்கமாக முடிவது தமிழில் ‘முன்பதிவு செய்க’ என்று நீள்கிறது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழைத் திணித்தால் பாதிச் சொல் வெட்டுப்படும். நம் எழுத்துகளுக்கு மேலே விலங்கும் கீழே சுழியும் இருப்பதால், வரிகளை நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றலாம். மூத்தோரின் கண்ணுக்கு அது எட்டாது. 2008இல் வெளியான அனைத்துலக இணைய அணுகல் நெறிமுறைகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்று இருக்கச் சொல்கின்றன.

இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. பலதுறை மருந்தகச் சந்திப்பு, வங்கிக் கணக்கு என்று எத்தனையோ காரியங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. பொத்தான் எங்கே என்று தெரியாத பாட்டி, “எனக்குப் படிப்பு போதாது” என்று தம்மையே நொந்துகொள்கிறார். மகனோ மகளோ வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கிறார். தாமாகச் செய்யக்கூடிய காரியத்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்க வைத்தது யார்? குறை பாட்டியிடம் இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது.

ஆகவே கடைக்காரர்களுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தளத்தை வெளியிடுமுன் ஐந்து பேரை அழைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலான குறைகளைக் கண்டறிய ஐந்து பேரே போதும் என்பதும் நீல்சனின் கருத்துதான். அவர்களில் ஒருவராவது அறுபதைத் தாண்டியவராக இருக்கட்டும். அருகில் அமர்ந்து, வாய் திறக்காமல் பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே நடைபாதை உடைந்திருக்கிறது. முதலில் அதைச் செப்பனிடுங்கள். முகப்புக்கு எந்த வண்ணம் பூசினாலும் அதன்பிறகு அழகுதான்.