காலராவுக்கு விஷம் கொடுத்த வைரஸ்

தாம்பரத்துல எங்க வீட்டுக்கு லாரித் தண்ணிதான். கொதிக்க வைக்காம அம்மா குடிக்க விடமாட்டாங்க. கேட்டா, "காலரா வரும்டா!"

காலரா பாக்டீரியாதான். ஆனா பேதியை உண்டாக்குற நச்சோட மரபணு, சி.டி.எக்ஸ். ஃபை-ங்கிற நூல் மாதிரி வைரஸ் கொண்டுவந்தது. வால்டரும் மெக்கலானோஸும் 1996-ல இதைக் காட்டினாங்க. பல வைரஸ்கள் பாக்டீரியாவை உடைச்சுட்டு வெளிய வரும். இது கொல்லாது. பாக்டீரியாவோட டிஎன்ஏ-லயே குடியேறி, அடுத்ததுக்கும் தாவும். நம்ம பாஷைல சொன்னா, ஒரு ப்ளக்-இன்!

1992-ல மெட்ராஸ்ல தலைகாட்டி, வங்கம் வரை பரவின ஓ139 காலராவுக்குள்ளயும் இதே வைரஸ்தான். விஷமில்லாத காலரா பாக்டீரியாகூட, இது ஏறினா விஷமாகலாம். தெளிவா இருக்கேன்னு தண்ணியை நம்பாதீங்க. தளதளன்னு கொதிக்க வைங்க. அம்மா சொன்னது சரிதான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!