நிறுத்தக் கூடாத மாத்திரை



லூபஸ் நோயைப் பற்றியும் அதில் அண்மையில் நடந்திருக்கும் ஆராய்ச்சிகளைப் பற்றியும் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் மூட்டு, வாத நோய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். மயிலாப்பூரில் கிளினிக். ஆராய்ச்சிகளைக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை, எழுபது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு மாத்திரைக்குத்தான் கொடுக்கப்போகிறேன். ஒன்று பத்து ரூபாய்க்குள் கிடைக்கிற மாத்திரை. புதிய கண்டுபிடிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் கடைசியில் அந்த மாத்திரையிடம்தான் கொண்டுவந்து விடுகிறது.

முதலில் நோய். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் எதிர்ப்பு மண்டலம், நம்முடைய சொந்த செல்களின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.வையே அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. அந்த ஆன்டிபாடிகள் தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம், நுரையீரல் உறை, மூளை என்று எங்கு வேண்டுமானாலும் போய்ப் படியும். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பதினைந்து வயதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களே அதிகம். படிக்கிற வயது, வேலைக்குப் போகிற வயது, கல்யாண வயது, பிள்ளை பெறுகிற வயது.

நம் ஊரில் இந்த நோய் வேறு வேறு பெயர்களில்தான் வீட்டுக்குள் வருகிறது. முடி கொட்டினால் சென்னையில் யாரும் டாக்டரிடம் போவதில்லை, தண்ணீரைத்தான் திட்டுவார்கள். "அடையாறுக்கு வீடு மாத்தினோம் டாக்டர், போர் தண்ணி ஒரே உப்பு" என்று சொன்ன கல்லூரி மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன். ஆறு மாதம் ஷாம்பூ மாற்றியிருக்கிறாள், கேன் தண்ணீரில் தலைகுளித்திருக்கிறாள். கூடவே விரல் மூட்டுகள் காலையில் ஒரு மணி நேரம் மடங்கவில்லை, வாயில் வலிக்காத புண் வந்து போனது என்பதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

கன்னத்தில் கறுப்பு படர்ந்தால் மங்கு என்று முடிவுகட்டி பார்லருக்குப் போகிறோம். மருத்துவப் புத்தகங்களில் லூபஸ் முகத்தைச் சிவப்பாக, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி போட்டிருப்பார்கள். அது வெள்ளைக்காரத் தோல். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. மாநிறத்தில் கருஞ்சிவப்பாக, சிலருக்குக் கறுப்பாகவே இருக்கும். ஒரு அடையாளம் சொல்கிறேன், கவனியுங்கள். மூக்குத் தண்டின் மேலும் இரண்டு கன்னங்களிலும் படர்ந்திருக்கும். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்ப்பக்கம் இறங்குகிற மடிப்பில் மட்டும் பெரும்பாலும் இருக்காது. வெயிலில் போய் வந்த அன்று எரிச்சலோடு கூடும். இப்படி இருந்தால் கிரீம் வாங்குவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் நடப்பது. காய்ச்சல், ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவு. உடனே டெங்கு என்போம். பெரும்பாலும் டெங்குதான், அதில் தவறில்லை. ஆனால் டெங்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்கப்புறமும் தட்டணுக்கள் ஏறவில்லை, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, வந்திருப்பவர் இளம்பெண் என்றால் ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை நினைக்க வேண்டும்.

இந்த நோயை நம் ஊர் வைத்தியர்களுக்குக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்ததில் சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரிக்குப் பெரிய பங்கு உண்டு. வாதநோய் வைத்தியம் என்று ஒரு தனிப் படிப்பு வேண்டும் என்று நாட்டில் பலர் யோசிக்காத எழுபதுகளிலேயே பேராசிரியர் ஏ.என். சந்திரசேகரன் அங்கே அதற்கான துறையை வளர்த்தெடுத்தார். சென்னை லூபஸ் நோயாளிகளைப் பற்றி, தென்னிந்தியக் குழந்தைகளுக்கு வரும் லூபஸைப் பற்றி அவரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரைகளை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறோம்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். அதன் பெயர் ஹைட்ராக்சிகுளோரோகுயின். எச்.சி.க்யூ. என்று சொல்வோம்.

இதன் பூர்வகதை நம் நீலகிரியைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1860-களில் ஆங்கிலேயர்கள் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனா கன்றுகளைக் கொண்டுவந்து ஊட்டியிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டார்கள். அந்த மரப்பட்டையிலிருந்து எடுத்ததுதான் மலேரியாவுக்கான குயினின், நம் பாட்டிமார் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்ட கொயினா. 1894-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பெய்ன் என்ற டாக்டர், தோலில் லூபஸ் வந்தவர்களுக்குக் குயினின் கொடுத்துப் பார்த்து, குணம் தெரிகிறது என்று பதிவு செய்தார். பிறகு இரண்டாம் உலகப் போர். குயினினுக்குத் தட்டுப்பாடு வந்து, ரசாயன முறையில் தயாரித்த மெபக்ரின் என்ற மாத்திரையை லட்சக்கணக்கான சிப்பாய்கள் சாப்பிட்டார்கள். மலேரியா தடுக்கப்பட்டது, கூடவே சிலருக்கு நெடுநாள் தோல் தடிப்பும் மூட்டு வலியும் குறைந்தன. 1951-இல் பேஜ் என்ற ஆங்கிலேய டாக்டர் லான்செட் இதழில் மெபக்ரினை லூபஸுக்கான சிகிச்சையாகவே எழுதினார். 1955-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த, பக்கவிளைவு குறைந்த எச்.சி.க்யூ. அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வேலை செய்கிறது என்று தெரியும், எப்படி என்று தெரியாது. பல்லாண்டுகள் இப்படியே கொடுத்துவந்தோம். 1991-இல் கனடாவில் ஒரு நேர்த்தியான ஆய்வு செய்தார்கள். இந்த மாத்திரையில் நோய் அடங்கியிருந்த 47 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. ஆறு மாதத்தில், மருந்து நின்றவர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது.

இப்போது எனக்குப் பிடித்த புதிய ஆராய்ச்சி. 2022-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், கரோலா வினுவேசா என்ற விஞ்ஞானியின் குழுவினர், ஏழு வயதிலேயே லூபஸ் வந்த ஒரு ஸ்பானியச் சிறுமியின் மரபணுக்களை முழுக்கப் படித்தார்கள். டி.எல்.ஆர்.7 என்ற ஒரே மரபணுவில், ஒரே எழுத்து மாறியிருந்தது. அதே மாற்றத்தைச் சுண்டெலிகளில் புகுத்தினார்கள். அவற்றுக்கும் லூபஸ் வந்தது. இந்த டி.எல்.ஆர்.7 ஓர் உணர்வு ஏற்பி. வைரஸின் மரபுப் பொருள் செல்லுக்குள் நுழைந்தால் மோப்பம் பிடித்து எச்சரிக்கை கொடுப்பது அதன் வேலை. அந்தச் சிறுமிக்கு அது மிகையாகத் துடித்தது. தன் உடம்பின் பொருளையே வைரஸ் என்று எடுத்துக்கொண்டது. இந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று உறங்கிவிடும் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் டி.எல்.ஆர்.7 சில எதிர்ப்பு செல்களில் உறங்காமல் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்று 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏன் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது என்று என்னிடம் கேட்காத தாய் இல்லை. அதற்கு ஒரு பகுதி விடையாவது இன்று கையில் இருக்கிறது.

இதில் மாத்திரை எங்கே வந்தது? அந்த ஏற்பி இருப்பது செல்லுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பைகளில். மாவு புளித்தால்தான் பொங்கும் என்பதுபோல, அந்தப் பைக்குள் அமிலம் இருந்தால்தான் அந்த ஏற்பி வேலை செய்யும். எச்.சி.க்யூ. அந்தப் பைகளுக்குள் போய்த் தங்கி அமிலத்தைக் குறைத்துவிடுகிறது, ஏற்பி அடங்குகிறது. போர்க்காலத்தில் தற்செயலாகக் கண்ட ஒரு மருந்து, மரபணு ஆராய்ச்சி இன்று விரல் வைத்துக் காட்டுகிற அதே இடத்தில் இத்தனை காலமும் வேலை செய்து வந்திருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இப்படிப்பட்ட மாத்திரையைத்தான் நம் வீடுகளில் நிறுத்துகிறார்கள். "இது மலேரியா மாத்திரையாச்சே, உனக்கு எதுக்கு?" என்று மருந்துக்கடையில் யாரோ கேட்டிருப்பார்கள். கண் போய்விடும் என்று ஒரு வாட்சப் செய்தி வந்திருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், கல்யாணம்.

மந்தைவெளிப் பெண் ஒருத்தி. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அவள் அம்மா தனியாக வந்து கேட்டார்: "சம்பந்தி வீட்ல மாத்திரை அட்டையைப் பார்த்துட்டா என்ன டாக்டர் சொல்றது? கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கலாமா?" கூடாது என்றேன், மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னேன். பதில் வரவில்லை. கல்யாணமாகி தி.நகருக்குப் போனவள் முதலில் கைப்பைக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிட்டாள், பிறகு விட்டுவிட்டாள். நான்காவது மாதம் கால் வீங்கியது, காலையில் கண் இமை உப்பியது, சிறுநீர் நுரைத்தது. வலி ஒன்றும் இல்லை. சிறுநீரகத்தில் லூபஸ் இறங்கினால் வலிக்காது, அதுதான் ஆபத்து. அவளை என்னிடம் அழைத்து வந்தது மாமியார்தான். "எங்ககிட்ட சொல்லியிருந்தா நானே வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்திருப்பேனே டாக்டர்" என்று அந்த அம்மா சொன்னபோது அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. திசுப் பரிசோதனை, ஸ்டீராய்டு, மைக்கோஃபீனோலேட் என்று நீண்ட சிகிச்சை. பிறகு கர்ப்பத்துக்கு ஒத்துவரும் மருந்துக்கு மாற்றி, நோய் ஆறு மாதத்துக்கு மேல் அடங்கியிருந்த பின் கருத்தரித்தாள். கர்ப்பகாலம் முழுவதும் எச்.சி.க்யூ. சாப்பிட்டாள். சாப்பிடத்தான் வேண்டும், தாய்க்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது. இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். நோய் கிளம்பிய நிலையில் இருந்த 305 பேரின் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பல நாடுகளில் பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் மாத்திரையைப் பெரும்பாலும் தொடாதவராகவே இருந்தார். 660 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான இன்னோர் ஆய்வில், அப்படி விட்டுவிட்டவர்களுக்கு நோய் கிளம்புவதும் உறுப்புகள் கெடுவதும் மரணமும்கூட அதிகமாக இருந்தன.

கண்ணைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுத்தால், முதல் பத்து ஆண்டுகளில் விழித்திரை பாதிப்பு நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவு. அதற்கப்புறம் கூடும். ஆகவே தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து ஆண்டு கழித்து வருடா வருடம் ஓ.சி.டி. என்ற கண் ஸ்கேன். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் முன்னதாகவே. இதைச் செய்தால் பயப்பட வேண்டியதில்லை.

2020 மார்ச்சை மறக்க முடியாது. கொரோனாவுக்கு எச்.சி.க்யூ. கேட்கும் என்று உலகம் முழுக்கப் பேச்சு. ஏற்றுமதிக்குத் தடை போடும் அளவுக்குப் போனது. ஊரடங்கு நாளில், மகளுக்காக ஆர்.ஏ.புரத்திலிருந்து அடையாறு வரை கடை கடையாக நடந்த ஒரு தகப்பனார் எனக்கு போன் செய்தார். பதுக்க வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள் அம்மா என்று குரல் உடைந்து சொன்னார். அந்த வாரங்களில் இருந்தவரிடம் வாங்கி இல்லாதவருக்கு அட்டை அட்டையாகப் பிரித்துக் கொடுத்தோம். ஜூன் மாதம் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று சொன்னது. உண்மையில் தேவைப்பட்டவர்கள்தான் அலைந்தார்கள்.

நேரம் ஓடிவிட்டது. புதிய மருந்துகளை வேகமாகச் சொல்கிறேன். அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் 2011-இல் பெலிமுமாப் வந்தது. 2021-இல் அனிஃப்ரோலுமாப். சிறுநீரக லூபஸுக்கு வாக்லோஸ்போரின், 2025-இல் ஒபினுடுசுமாப். ஸ்டீராய்டைக் கூடியவரை நாளுக்கு ஐந்து மில்லிகிராமுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது ஐரோப்பிய நிபுணர்களின் 2023 வழிகாட்டுதல். முகம் வீங்கிப்போய்க் கண்ணாடி பார்க்க மறுக்கும் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். ஜெர்மனியின் எர்லாங்கனில் நோயாளியின் சொந்த செல்களையே எடுத்து மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையை 2021-இல் ஓர் இருபது வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். 2024-இல் வெளியிட்ட கணக்கில், அப்படிச் சிகிச்சை பெற்ற எட்டு லூபஸ் நோயாளிகளும் மற்ற மருந்துகள் இல்லாமல் நலமாக இருந்தார்கள். எட்டுப் பேர்தான்; ஆனாலும் பெரிய செய்தி. நம் நாட்டிலும் ஐ.ஐ.டி. மும்பையில் உருவான கார்-டி சிகிச்சைக்கு 2023-இல் ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. லூபஸுக்கும் வரும் என்று நம்புகிறேன், நம் மக்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் வர வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. லூபஸ் தரும் அசதி வெளியே தெரியாது. தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் ஒரு பெண், ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருந்த நாளில்கூட, "மதியத்துக்கு மேல நிக்க முடியல டாக்டரம்மா" என்று அழுதிருக்கிறாள். கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். கடை முதலாளிகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த நாற்காலியைப் போடுங்கள். இப்படிப்பட்ட பெண்ணைச் சோம்பேறி என்று யாரும் சொல்லாதீர்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் லூபஸ் நோயாளிகளே, வெயிலில் குடை பிடித்துப் போங்கள். காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று யார் எந்தக் கஷாயத்தை நீட்டினாலும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள்; உங்களுக்கு அந்தச் சக்தி ஏற்கனவே அளவுக்கு மீறி வேலை செய்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் மகளோ மருமகளோ எச்.சி.க்யூ. சாப்பிடுபவராக இருந்தால், அந்த மாத்திரை அட்டையை எல்லோரும் பார்க்கிற இடத்தில் அவர் வைத்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.