வயிரத்தின் மாசும் மறைக்கப்படவில்லை

(கீழப்பழுவூர் அருள்மிகு ஆலந்துறையார் திருக்கோயிற் சொற்பொழிவின் சுருக்கம்)



திருஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய பழுவூர், பழுவேட்டரையர் ஆண்ட பதியாகும். அக்குலமகள் முதற் பராந்தகச் சோழனை மணந்து அரிஞ்சயனை ஈன்றாள் என்று அன்பிற் செப்பேடு பகர்கின்றது. அரிஞ்சயனின் பேரனே மாமன்னன் இராசராசன்.

அம்மன்னன் தஞ்சைப் பெருவுடையாருக்கு அளித்த அணிகலன்களைக் கோயிற் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றன. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணியணிகளைத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்தனர். எடைக்கல்லுக்கும் இறைவன் திருநாமமே!

வயிரம் பதித்தல் நுண்ணிய தொழில். பொற்குழியில் அரக்கிட்டு, அதன்மேல் மணியை இருத்தி, பொன் விளிம்பை அழுத்திப் பிடிப்பர். அரக்கு வெளியே தெரியாது. ஆனால் எடையைக் கூட்டும். ஆதலால் 'அரக்கு உட்பட' என்றே நிறையைப் பொறித்தனர். வயிரங்களுள் முரிந்தவை, வெந்தவை, செம்புள்ளியாகிய இரத்தபிந்து உடையவை, கரும்புள்ளியாகிய காகபிந்து உடையவை ஆகியவற்றையும் ஒளியாது குறித்தனர்.

பேரரசனே தன் காணிக்கையின் குறையை ஆண்டவன் திருமுன் கல்லில் எழுதி வைத்தான். நாமோ நம் உள்ளத்து மாசினை மறைத்துக்கொண்டு சன்னதியில் நிற்கின்றோம். உள்ளதை உள்ளவாறே ஒப்படைப்போம். ஆலந்துறை அண்ணல் ஏற்றருள்வான்.

திருச்சிற்றம்பலம்.