எனக்குப் பட்டது



நாவல் படிக்கிறவர்களுக்கு நம்மிடையே குறைவில்லை. படித்ததைப் பற்றிப் பேசச் சொன்னால்தான் தயங்குகிறார்கள். ‘நான் என்ன விமர்சகனா?’ என்று ஒதுங்குகிறார்கள். வற்புறுத்தினால் கதைச் சுருக்கத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆசைக்குப் படித்தவரின் சொந்த அபிப்பிராயத்துக்கு இலக்கியத்தில் இடம் உண்டு, அதுவும் முன்வரிசையிலேயே உண்டு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

க.நா.சுப்ரமண்யம் இதை வாழ்நாள் வேலையாகவே செய்தார். ‘பொய்த்தேவு’ எழுதிய அதே கை, ‘படித்திருக்கிறீர்களா?’ என்று தலைப்பிலேயே நம்மைக் கேட்டுவிட்டு, தமக்குப் பிடித்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னது. க்னுட் ஹாம்சனின் நாவலில் மனம் தோய்ந்தவர், அதை ‘நிலவளம்’ என்று தமிழிலேயே கொண்டுவந்து கொடுத்தார். சி.சு.செல்லப்பாவுக்கு இந்த ரசனை முறை போதவில்லை. 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய அவர், பிடித்தது என்றால் ஏன் பிடித்தது என்பதை அலசிக் காட்ட வேண்டும் என்றார். நான் க.நா.சு. கட்சி. ஆனால் செல்லப்பாவிடமிருந்து ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வேன்: எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்லுங்கள்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்துக் கதை. சினிமா ஆசை காட்டி ஏமாற்றப்பட்ட ஜமுனா சாகத் துணிகிறாள். அவளோடு டீச்சரம்மா பேசும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். டீச்சரம்மாவின் பேச்சில் உபதேச வாடையே இல்லை. தன்னைவிட மிக மூத்த, ஓயாமல் இருமுகிற கணவனோடு வாழ்கிற வாழ்க்கையைச் சொல்கிறாள், அவ்வளவுதான். ஒருத்தியின் துயரத்துக்கு இன்னொருத்தி கொடுக்கக்கூடியது இதைவிட என்ன? குடம் சுமந்து வளர்ந்த ஓர் அம்மையாரோ, இதே நாவலைப் படித்துவிட்டுத் தண்ணீருக்காகப் பெண்கள் காத்து நிற்கும் பக்கங்களையே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கங்களின் கனம் எனக்குத் தெரிந்தது. எந்த ஆய்வுரையும் எனக்கு அதைக் காட்டியதில்லை.

வயதும் அபிப்பிராயத்தை மாற்றும். தி.ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ 1966இல் வெளிவந்தது. வேத பாடசாலையில் படிப்பை முடித்துச் சென்னைக்குத் திரும்புகிற அப்பு, தன் அம்மா அலங்காரத்துக்கும் சிவசுவுக்கும் உள்ள உறவை அறிகிறான். இளம்வயதில் அப்புவின் அதிர்ச்சிதான் என் அதிர்ச்சி. அப்பா தண்டபாணியை நான் கவனிக்கவே இல்லை. தலை நரைத்த பிறகு மறுபடி எடுத்தபோது, அவரை விட்டு என் கண் நகரவில்லை. அச்சுப் பிழை திருத்துவது அவருக்குத் தொழில். வீட்டில் நடப்பது தெரிந்தும் எதையும் திருத்த முயலாமல் இருக்கிறார். அந்த மௌனம் இயலாமையா, பெருந்தன்மையா? மனைவி மேல் உள்ள மாளாத பிரியம் என்றே எனக்குப் படுகிறது. இல்லை, அவர் வெறும் கோழை என்று என் மகள் வாதாடுகிறாள். அவள் எடுத்துக்காட்டும் பக்கங்களும் வலுவானவைதான்.

இந்த அவையில் அந்த நாவலைப் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தண்டபாணியைப் பற்றி உங்களுக்குப் பட்டதை இங்கே வந்து சொல்லுங்கள். நான் கீழே அமர்ந்து கேட்கிறேன்.