பிறர் பணமும் ஒரு நாடகத் தயாரிப்பாளரும்



நாடகம் காண்போர் நடிகரைப் பாராட்டுவர். பாட்டு எழுதியவரையும் நினைப்பர். அதற்குப் பணம் திரட்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துப் பிராட்வே அரங்குகளில் அப்பணியைச் செய்த ஹெரால்டு பிரின்ஸ் என்பவரைப் பற்றிப் பேச விழைகிறேன்.

1928-இல் பிறந்த அவர், கல்லூரிப் படிப்பு முடிந்ததும் ஜார்ஜ் அபட் என்னும் புகழ்பெற்ற இயக்குநரிடம் சிறு வேலையில் அமர்ந்தார். 1954-இல் இரு கூட்டாளிகளுடன் 'தி பஜாமா கேம்' என்ற இசை நாடகத்தைத் தயாரித்தார். ஆடைத் தொழிற்சாலையில் கூலி உயர்வு கேட்டு நிகழும் போராட்டமே கதை. பலரிடம் சிறு சிறு தொகைகளாகப் பணம் சேர்ந்தது. தயாரிப்பாளராகிய பிரின்ஸும் ராபர்ட் கிரிஃபித்தும் தாமே மேடை நிர்வாகிகளாகவும் உழைத்தனர். நாடகம் 1,063 முறை நடைபெற்றது.

பிராட்வே வழக்கப்படி, முதலீடு செய்தோருக்கு மூலதனம் முழுவதும் திரும்பிய பின்னரே லாபம் பங்கிடப்படும். அரங்க வாடகையும், வாத்தியக்காரர், நடிகர் சம்பளமும் வாரந்தோறும் விழுங்கியதுபோக மிஞ்சுவதே மூலதனத்தை அடைக்கும். ஆகவே கூட்டம் வந்தும் நஷ்டமடைவது அங்கே புதுமையன்று.

1957-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் தயாரிப்பாளர், ஒத்திகைக்குச் சில வாரங்களே இருக்கையில் விலகினார். தெருச்சண்டையும் கொலையும் நிறைந்த கதைக்கு யார் பணம் தருவார்? பிரின்ஸும் கிரிஃபித்தும் ஏற்றனர். முன்பு லாபம் கண்டவர்கள் அவர்களை நம்பினர். 1964-இல் தொடங்கிய 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' 3,242 முறை நடந்து அந்நம்பிக்கையை வளர்த்தது.

அந்நம்பிக்கையைத்தான் அவர் 1971-இல் 'ஃபாலீஸ்' நாடகத்திற்குச் செலவிட்டார். இளமையை இழந்த நடிகையரின் ஏக்கத்தைச் சொல்லும் அந்நாடகம் 522 முறை நடந்தது. ஏழு டோனி விருதுகள் பெற்றது. போட்ட பணமோ திரும்பவில்லை. கணக்கர் இதைத் தோல்வி என்பார். நான் அவ்வாறு கருதவில்லை. ஆயினும், பணம் இழந்தவரிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை!

ஒரு நாடகம் அரங்கேறிய மறுநாட்காலையில் அடுத்த நாடகத்துக்கான கூட்டம் கூட்டுவது அவர் வழக்கம். 1981-இல் அவர் இயக்கிய 'மெரிலி வீ ரோல் அலாங்' பதினாறே காட்சிகளில் நின்றது. பின்னர், லண்டனில் 1986-இல் அவர் இயக்கிய 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா' 1988-இல் பிராட்வே வந்து, 2023 வரை 13,981 முறை நடந்தது.

2019-இல் பிரின்ஸ் மறைந்தார். பதினாறு நாடகக் காட்சிகளோடு நின்ற அந்த நாடகம், 2023-இல் பிராட்வேயில் மறுபடியும் மேடையேறி, 2024-இல் சிறந்த மறுதயாரிப்புக்கான டோனி விருதைப் பெற்றது.